நந்தினியின் கழுத்து

தாமல்

அன்புள்ள பாப்பாவுக்கு மாமா எழுதுவது. 'பொன்னியின் செல்வன்' நாடகத்தில் உனக்கு நந்தினி வேஷம் என்று உன் அம்மா சொன்னாள். போனில் சொன்னால் ஊம் கொட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். கல்வெட்டில் அவள் கிடையாது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பேரெல்லாம் இருக்கிறது. நந்தினி பேர் இல்லை. 1950-ல் கல்கி தொடர்கதையாக எழுத ஆரம்பித்தபோது அவர் கற்பனையில் பிறந்தவள். நான் கூத்தில் கட்டுகிற திரௌபதிக்குக் கோயில் இருக்கிறது. அந்த வேஷத்தில் தப்பாக நின்றால் ஊரே கேட்கும். உனக்கு அந்த பயம் வேண்டாம். ஆனால் 2022-ல் வந்த படத்தில் ஐஸ்வர்யா ராயைப் பார்த்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவரைப் போலச் செய்யாதே. சினிமாவில் கண்ணை அசைத்தால் போதும். உன்னைக் கடைசி வரிசையில் இருப்பவனும் பார்க்க வேண்டும்.

கல்கி நந்தினியையும் கரிகாலன் தங்கை குந்தவையையும் எதிரெதிரே நிறுத்தி வர்ணித்திருக்கிறார். குந்தவைக்குச் செந்தாமரை நிறம், நீளவாட்டமான முகம். இவளுக்குப் பொன்னிறம், வட்ட முகம், ஆண்டாள் கொண்டை. உன் முகம் நீளம்தான். அதை அரிதாரம் பார்த்துக்கொள்ளும். கொண்டையை மட்டும் விட்டுவிடாதே. ஒரு பக்கம் சரிந்து கனக்கிற மாதிரி கட்டச் சொல். அந்தக் கனத்தைத் தாங்கக் கழுத்து தானாக நிமிரும். நந்தினி அந்தக் கழுத்தில்தான் இருக்கிறாள். தலையைத் திருப்புவதென்றால் தோளும் கூடத் திரும்பட்டும், மெதுவாக. இடுப்பை ஒடித்து நடந்தாயோ, வெறும் மோகினி ஆகிவிடுவாள்.

பகடை துகில் கூத்தில் என் திரௌபதிக்கு எல்லாம் வெளியே கொட்டிவிடும். கூந்தல் அவிழ்ந்துவிட்டது, முகவீணை கூடவே அழுகிறது, சபதம் போட்டு ஆடித் தீர்த்துவிடலாம். விடியும்போது உடம்பு வலிக்கும், மனசு லேசாகிவிடும். நந்தினிக்கு அந்த வழியே கிடையாது. காலில் விழுந்து இவள் கெஞ்சியும் கேட்காமல் கரிகாலன் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை எடுத்தான். அதைப் பார்த்தவள், அறுபது தாண்டிய பழுவேட்டரையர் அரண்மனையில் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். அழுதால் காரியம் கெட்டுவிடும். அந்த அழுகையை எங்கே வைத்திருக்கிறாள் என்று நீ கண்டுபிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் தொண்டைக்குழியில். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை விழுங்கு. பார்க்கிறவனுக்கு ஏன் என்று தெரியாது, ஆனாலும் அவள் மேல் ஒரு கண் வைத்திருப்பான்.

இன்னொரு சிக்கல். வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா, தகப்பனா என்று கல்கி கடைசிப் பாகம் வரை இழுத்தடிக்கிறார். படிக்கிறவனுக்கு அது சுவாரசியம். ஆடுகிறவளுக்கு ஆபத்து. ஒத்திகை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடு, டைரக்டரிடம்கூடச் சொல்லாதே. அவள் வைத்திருக்கிற வீரபாண்டியன் வாள், காதலன் வாள் என்றால் மார்போடு அணைப்பாய். தகப்பன் வாள் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். நானாக இருந்தால் மகள் என்றே வைத்துக்கொள்வேன். ஆனால் கரிகாலன் எதிரே நிற்கும்போது கை தடுமாறட்டும். சின்ன வயசில் கூட விளையாடினவன் அவன். இங்கே பக்கத்தில் காஞ்சியில் பொன்மாளிகை கட்டிக்கொண்டு அவளை மறக்க முடியாமல் தவித்தானே, அந்தத் தவிப்பில் பாதி இவளிடமும் உண்டு. அதை விட்டுவிட்டு வெறும் பழிகாரியாக ஆடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தன்னைப் போலவே இருக்கிற ஊமைராணி மாதிரி வேஷமிட்டு நடுராத்திரியில் கரிகாலன் தகப்பனார் சுந்தர சோழர் முன்னால் நிற்கிற இடம் உங்கள் நாடகத்தில் இருக்கிறதா? இருந்தால் அங்கே கொண்டையை அவிழ்த்துவிடு. கழுத்தையும் தளரவிடு. கதை முழுக்க அவள் உடம்பு இளகுவது அந்த ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மீன் பொறித்த பாண்டிய வாளுக்கு என்ன ஏற்பாடு? அட்டையில் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டிக் கொடுத்தால் வாங்காதே. கனம் இல்லாத வாளைத் தூக்கிக் கை நடுங்குவது பொய் என்று உடனே தெரிந்துவிடும். நம் கூத்து ஜமாவுக்குக் கட்டை அணிகள் செதுக்குகிறவரிடம் லேசான கல்யாண முருங்கை வேண்டாம், வேம்பிலேயே செய்யச் சொல்கிறேன். உன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து எழுது.

இப்படிக்கு,
மாமா