கைநனைத்த இடங்கள்

ஊரைவிட்டு வேலைக்காக வெளியே போகும் பெண்ணுக்கு முதலில் வருவது இருக்க இடம் தேடும் கவலை. அடுத்தது சாப்பாட்டுக் கவலை. வாடகைக்கு ஓர் அறை கிடைத்துவிட்டால் முதற்கவலை தீர்ந்துவிடும். மற்றது ஒவ்வொரு நாளும் மூன்று வேளையும் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சமூகப்பணியாளராக அங்கு மாறி வந்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. அதுவரை நான் ஒரு கடையில் தனியாக இருந்து சாப்பிட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்திலும் அம்மா கட்டித்தந்த சாப்பாடுதான். கடையில் இருந்து சாப்பிடுவது ஆண்களுக்கு, பெண்கள் பார்சல் வாங்கிவந்து வீட்டில் சாப்பிடவேண்டும் என்பது எங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

முதல் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். உள்ளே முழுக்க ஆண்கள். கடைத்தம்பி என் முகத்தைப் பார்த்ததும், “பார்சலா அக்கா?” என்று கேட்டார். இருந்து சாப்பிடத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது “ஓம்” என்ற சொல். அந்தச் சோற்றை அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் இருந்து சாப்பிட்டேன். பிறகு இரண்டு வாரமாகப் பணிஸும் வாழைப்பழமும்தான். பெண்களின் உரிமை பற்றிக் கிராமம் கிராமமாகக் கூட்டம் வைப்பவள் நான்!

என்னோடு வேலைசெய்யும் ஒரு சகோதரிதான் அம்மாச்சி உணவகத்துக்குக் கூட்டிச்சென்றார். விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் இடம் அது. எங்கள் கண்முன்னே தோசை வார்க்கிறார்கள். குரக்கன் புட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி எல்லாம் உண்டு. சமைப்பதும் பெண்கள், காசு வாங்குவதும் பெண்கள். அங்கு நான் தனியாக இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வவுனியாவில் வயிறும் மனமும் நிறைந்து நான் சாப்பிட்ட முதற் சாப்பாடு அதுதான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறொரு கடையைப் பற்றி.

என் வேலைப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர் 2009இல் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகளையும் வளர்ப்பதற்காக வீட்டு வாசலில் ஒரு தட்டி மறைத்து, தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் விற்றார். 2022இல் கோதுமை மாவும் எரிவாயுவும் கிடைக்காத நாட்களிலும் குரக்கன் மாவைப் பிசைந்து விறகடுப்பில் சுட்டு அந்தக் கடையை விடாமல் நடத்தியவர்.

நான் போகும்போதெல்லாம் ஒரு தட்டில் ரொட்டி வைத்து நீட்டுவார். “வேண்டாம் அக்கா, இப்பதான் சாப்பிட்டனான்” என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழிப்பேன். உதவி பெறும் குடும்பத்திடம் எதையும் இலவசமாக வாங்கக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நாலாவது முறை அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “மிஸ், நாங்க தோட்டத்துல இருந்து வந்த ஆளுங்கன்னுதானே எங்க கையால சாப்பிட மாட்டேங்கிறீங்க? நீங்க யாழ்ப்பாணத்து ஆளு. எனக்குத் தெரியும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. யார் வீட்டில் யார் கைநனைப்பார்கள், யார் செம்பில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பதில்தான் சாதி உயிரோடு இருக்கிறது என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். என் ஊரில் சில வீடுகளில் எங்கள் பெரியவர்கள் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், நான் விதி என்று நினைத்துச் செய்தது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அன்று உண்மையைச் சொன்னேன். “இலவசமாய் வாங்கக்கூடாது எண்டுதான் அக்கா மறுத்தனான். காசுக்கு விக்கிறியள்தானே? நான் வாங்கிச் சாப்பிடுறன்.” அவர் காசு வேண்டாம் என்றார். காசு வாங்காவிட்டால் சாப்பிடமாட்டேன் என்றேன் நான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் எல்லோருக்கும் விற்கும் விலைக்கே எனக்கும் தந்தார். அந்த வாங்கில் இருந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். சம்பலின் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பினால் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

அதன்பின் அது என் கடையாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே கணக்கும் பார்த்தோம். மா, தேங்காய், விறகு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தவர் தன் உழைப்பை மட்டும் சேர்க்கவில்லை என்று கண்டோம். அதையும் சேர்த்து விலையைச் சற்றுக் கூட்டினார். வாடிக்கையாளர் குறையவில்லை.

சென்ற ஆண்டு அம்மா என்னைப் பார்க்க வந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளியேறியபோது எனக்கு ஆறு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை மரத்தடியில் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சியவர் அம்மா. போன இடமெல்லாம் அடுப்பு மூட்டிய அவருக்கு ஒருவர் சமைத்துப் பரிமாறி நான் கண்டதில்லை. அந்த ரொட்டிக் கடைக்குக் கூட்டிச்சென்றேன். அம்மா சிறிது தயங்கினார். அந்தத் தயக்கம் கடையில் இருந்து சாப்பிடும் கூச்சத்தினாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. அக்கா வாங்கைத் துடைத்துவிட்டு, “வாங்கம்மா, இருங்க” என்றார். அம்மா இருந்தார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவியதும், “சம்பலுக்கு உப்புக் கொஞ்சம் குறைவு பிள்ளை” என்றார். திரும்பும்போது வழிக்கென்று நாலு ரொட்டி கட்டச்சொல்லி, தன் கைக்காசைக் கொடுத்தார்.

சகோதரிகளே, உங்களில் பலர் இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் புதிய ஊர்களில் வாழ்கிறீர்கள். சமைத்து விற்பவராக இருந்தால் உங்கள் உழைப்புக்கும் விலை வையுங்கள். என்னைப்போன்ற உத்தியோகத்தரிடமும் காசு வாங்குங்கள். வாங்கிச் சாப்பிடுபவராக இருந்தால், அக்கம்பக்கத்தில் ஒரு பெண்ணின் அடுப்பைத் தேடிப்போய், அங்கேயே இருந்து சாப்பிடுங்கள். எங்கள் ஊர் எது என்று இப்போது யாராவது கேட்டால் நான் இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். இரண்டிலும் நான் கைநனைத்திருக்கிறேன்.