லப்பைக்

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இஹ்ராம் உடையணிந்து 'லப்பைக்' என முழங்கும் ஓசை, சிறுவயது முதலே என் நெஞ்சை உருக்கி வந்திருக்கிறது. 'இதோ, வந்துவிட்டேன்' என்று இறைவனின் அழைப்புக்கு அடியான் அளிக்கும் மறுமொழி அது. அதைச் சொல்லும் பேற்றினை எனக்கும் தந்தருள்வாய் என்று தொழுகைக்குப் பின் நான் கையேந்தாத நாட்கள் குறைவு. ஆனால், அழைப்பு மக்காவிலிருந்துதான் வரும் என எண்ணிக்கொண்டிருந்தேன். 2018ஆம் ஆண்டு, கார்த்திகை மாத மழையிரவொன்றில் அது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிற்று.

வாசலில் நின்றவர் பள்ளி மோதினார். எங்கள் பள்ளிவாசலின் ஹவுளைக் கழுவி, பாய்களை உதறி விரித்து, ஆண்டுக்கணக்கில் ஊழியம் புரிந்த பெரியவர் இஷாவுக்குப் பின் மவுத்தாகிவிட்டார். மையித்தைக் குளிப்பாட்ட வழக்கமாக வருபவர் வெளியூர் சென்றிருந்தார்.

"தண்ணீர் ஊற்றவும் புரட்டிப் பிடிக்கவும் ஆள் வேண்டும் தம்பி. கொஞ்சம் வருகிறீர்களா?"

"உடம்பு காய்கிறது காக்கா" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரி வாப்பா, படுத்துக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. மையித்தைத் தொட்டுப் பழக்கமில்லாத அச்சம்தான். அச்சம் மட்டுமா? இறந்தவர் ஊரின் பெருவணிகர் ஒருவராக இருந்திருந்தால் அந்தக் காய்ச்சல் எனக்கு வந்திருக்குமா என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு நான் கண்ட விடையை இங்கே எழுதக் கூசுகிறது.

உள்ளறையிலிருந்து உம்மா கேட்டார்கள்: "காய்ச்சல் எப்போது வந்தது?" வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மவுத்தாகும் பெண்களைக் குளிப்பாட்டும் பணியை நெடுங்காலம் செய்தவர்கள் அவர்கள். கதவோரத்தில் அவர்களுடைய தகரப்பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். பஞ்சு, கற்பூரம், அத்தர், கையில் மாட்டிக்கொள்ளத் தைத்த துணி உறைகள். எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும் தேடி நிற்கக் கூடாதென்று எடுத்து வைத்தவை. எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் தொழப் போய்வந்தேன்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் ஜனாஸாத் தொழுகை. முதல் வரிசையில் நின்றேன்! நபி பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளியைப் பெருக்கி வந்த ஒரு பெண் இறந்தபோது, அதைப் பெரிதாகக் கருதாமல் தோழர்கள் அறிவிக்காதிருந்து விட்டனர். பெருமானார் அதை விசாரித்தறிந்து, அவருடைய கபுறைத் தேடிச் சென்று தொழுதார்கள். மீலாது மேடையில் இந்நிகழ்ச்சியை நாத் தழுதழுக்க எடுத்துரைத்தவன் நான். அதே மேடைக்குப் பாய் விரித்தவரின் சந்தூக்கு என் முன்னே இருந்தது.

மையித்தைக் குளிப்பாட்டுதல் பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்தால் மற்றவர் மீதிருந்து கடமை நீங்கும். எவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். இந்தச் சட்டத்தை 'யாராவது செய்வார்கள்' என்று என் மனம் எவ்வளவு வசதியாகப் பொருள் கொண்டிருந்தது!

ஒரு வாரம் கழித்து மோதினாரிடம் சென்று, கற்றுத் தருமாறு கேட்டேன். பழைய கதையை அவர் எடுக்கவேயில்லை. மறைவிடத்தை மூடியபடியே குளிப்பாட்ட வேண்டும். கையில் துணி சுற்றி அசுத்தம் நீக்க வேண்டும். ஒளுச் செய்வித்து, வலப்புறத்திலிருந்து தொடங்கி, ஒற்றைப்படையாக நீர் ஊற்ற வேண்டும். இலந்தை இலை கலந்த நீர், இறுதியில் கற்பூரம். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. இவற்றைச் சொல்லி முடித்துக் குரலைத் தாழ்த்தி, "அங்கே கண்ட குறை எதையும் வெளியில் பேசக்கூடாது வாப்பா" என்றார். உம்மாவோ, "வெந்நீரை முதலில் உன் கையில் ஊற்றிப் பார். உனக்குச் சுட்டால் அவருக்கும் சுடும்" என்றார்கள். ஏட்டில் படித்ததைவிட அது எனக்கு நன்றாக விளங்கிற்று.

அச்சம் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க் காலத்தில், உறவினரே நெருங்கத் தயங்கிய உடல்களைச் சமயம் பாராமல் எடுத்துச் சென்று அடக்கம் செய்த தமிழக முஸ்லிம் இளைஞர்களுக்கு மட்டும் அச்சம் இல்லாமலா இருந்திருக்கும்? அச்சத்தோடுதான் அவர்களும் போயிருப்பார்கள்.

அடுத்த அழைப்பு ஒரு ரமளான் மாதப் பின்மாலையில் வந்தது. நோன்பு துறக்க இன்னும் சற்று நேரமே இருந்தது. கஞ்சியின் மணம் வீடெங்கும் பரவியிருந்தது. இறந்தவர் பக்கத்துத் தெரு மீன் வியாபாரி. நான் சட்டையைத் தேடி எடுப்பதற்குள், உம்மா பெட்டியைத் திறந்து பஞ்சையும் கற்பூரத்தையும் என் கையில் வைத்துவிட்டார்கள். கூடவே, துணியில் முடிந்த மூன்று பேரீச்சம்பழங்கள்.

"பாங்கு சொன்னால் அங்கேயே நோன்பைத் திற" என்றார்கள்.

கை நடுங்கிற்று. வாசற்படியில் காத்திருந்த மோதினார், தண்ணீர் சுட வைத்தாகிவிட்டது என்று சொல்லி முன்னே நடந்தார்.