பிளாஸ்மா டிவியும் ஒரு வெள்ளிக் கோடும்

பழைய பிளாஸ்மா டிவியை எப்ப எடைக்குப் போடப் போறீங்கன்னு வீட்ல ஒரே நச்சரிப்பு. பானசோனிக்கே 2013 கடைசியில தயாரிப்பை நிறுத்திட்டாங்களாம், எனக்கு மட்டும் என்ன பாசம்னு கேள்வி வேற. பாசம் உள்ளே இருக்கிற மின்முனை மேலங்க.

வெளிச்சம் முன்பக்கக் கண்ணாடி வழியாத்தான் வரணும். மின்முனை ஜோடியும் அங்கேதான் இருந்தாகணும். உலோகம்னா மறைச்சுடும். அதனால ஒளி ஊடுருவுற இண்டியம் டின் ஆக்சைடுப் பட்டை. ஆனா அதுக்கு மின்தடை ஜாஸ்தி. மின்னழுத்தம் அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள தளர்ந்துடும். சரின்னு பட்டையோட ஓரமா மெல்லிசா ஒரு வெள்ளிக் கோடு. அகலமாக்கினா வெளிச்சம் போச்சு, ஒல்லியாக்கினா மின்தடை ஏறிப்போச்சு! அதையும் வெளி ஓரத்துலதான் வெச்சாங்க. ஏன்னா பளிச்சுனு எரியறது ரெண்டு பட்டைக்கும் நடுவுல, ஏறக்குறைய ஒரு தலைமுடி மொத்தத்துக்கு விட்டிருக்கிற அந்த இடைவெளி பக்கம்தான்.