பிணந்தின்னியா, பிணிநீக்கியா?

பிணந்தின்னி! சொல்லும்போதே முகம் சுளிக்கிறது நாடு. பாறு கூரையில் அமர்ந்தால் குடி கெடும் என்றனர் ஊர்ப் பெரியவர்கள். கண்டால் கல்லெடு என்று நமக்குக் கற்பித்தனர். அதே நாட்டில், திருக்கழுக்குன்றத்து மலைமீது நண்பகலில் வந்த இரு கழுகுகளுக்கு நெய்யும் சர்க்கரையும் கலந்த பொங்கல்! அவை பறவைகள் அல்லவாம். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நாள்தோறும் பறந்து செல்லும் முனிவர்களாம்! மலைமேல் அமர்ந்தால் முனிவர்; மனைமேல் அமர்ந்தால் சனியன். என்னே விந்தை!

அந்தக் குன்றுக்குக் கழுகுகள் வராமற்போய்ப் பல ஆண்டுகள் ஆயின. கலி முற்றிவிட்டது என்று கைவிரிக்கலாம் பக்தர். அறிவுடையோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்நாட்டுப் பாறுகள் எங்கே போயின?

கேட்டனர் அறிவியலார். வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்டவை, 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் மறைந்தன. 2004-இல் காரணம் வெளிப்பட்டது: டைக்ளோஃபினாக். மாட்டின் வலி தணிக்க ஏற்றிய ஊசிமருந்து அது. ஊசி ஏற்றிய மாடு சில நாளில் மாண்டால், இறைச்சியில் எஞ்சிய மருந்து அதை உண்ட பாறின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. ஒரு மாட்டைப் பல பாறுகள் கூடி உண்ணும். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனம் இந்த இழப்பை எங்ஙனம் ஈடுசெய்யும்?

பறவைதானே, போனால் போகட்டும் என்பாரும் உளர். போயிற்று, விளைவு என்ன? பிணங்கள் வெளியில் அழுகின. நாய்கள் பெருகின, வெறிநோய் பரவ வழி பிறந்தது, நீர்நிலை கெட்டது. 2000 முதல் 2005 வரை, பாறுகள் அழிந்ததால் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் கூடுதலாக மாண்டனர் என்று இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் எனும் பொருளியல் அறிஞர் இருவர் 2024-இல் கணக்கிட்டனர். நோய்க்கிருமியையும் செரிக்கும் வயிறு படைத்த துப்புரவாளனுக்கு நாம் வைத்த பெயரோ, பிணந்தின்னி! அழுக்கை அகற்றுவோனையே அழுக்கென்று ஒதுக்கும் கொடுமை, மனிதரோடு நிற்கவில்லை, பறவையையும் விடவில்லை.

நீலகிரி மாயாற்றுப் படுகைக்குத் தோழர் சிலருடன் நாம் சென்றிருந்தபோது, நீர்மத்தி மரத்தின் உச்சியில் பாறுக்கூடு ஒன்றைக் கண்டோம். வழிகாட்டி வந்த முதியவர், "இது இருக்கிற வரைக்கும் காடு நாறாதுங்க" என்றார். ஆராய்ச்சி நூல் எதுவும் அவர் படித்ததில்லை. கண்ணால் கண்டார், கருத்தால் அறிந்தார்.

பயன் தருவதால் மட்டுமா ஓர் உயிரைக் காப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாறு இருந்தவரை அதன் பயனை எவர் கணக்கிட்டார்? இழந்த பின்னரன்றோ கணக்கு எழுதினர்! காட்டிலும் கழனியிலும் கணக்கில் ஏறாத உயிர்கள் எத்தனையோ. பயன் தெரியாதது வேறு, பயனற்றது வேறு. இழந்துபார்த்து அறிவோம் என்பது பகுத்தறிவாகாது.

பழித்தவரும் பாறைக் காக்கவில்லை, பணிந்தவரும் காக்கவில்லை. காரணம் தேடியவரே காக்க வழி கண்டனர். கால்நடைக்கு டைக்ளோஃபினாக் 2006-இலும், கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் இரண்டும் 2023-இலும் தடுக்கப்பட்டன. பாறுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் இருக்கிறது. எனினும் தடை ஏட்டில் இருந்தால் போதுமா? தோழர்களே, உங்கள் வீட்டு மாட்டுக்கு ஊசி போட வருவோரிடம் ஒரு சொல் கேளுங்கள்: "ஐயா, இது என்ன மருந்து?"