ஐம்பது கிலோ கணக்கு

எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் குதிரைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஊருக்கு ஊர் அய்யனார் கோயில் வாசலில் மண் குதிரை நிற்கும். அரும்பாவூர் போனால் மரத்தில் சாமியும் வாகனமும் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். (அந்த மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!) ரஞ்சன்குடி கோட்டை மேல் ஏறி நின்றால், 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரத்தில் மோதிக்கொண்டபோது ஓடிய குதிரைகளைக் கற்பனை பண்ணிப் பார்க்கலாம். உயிரோடு, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிற குதிரைதான் லேசில் கிடைக்காது.

இது தெரியாமல்தான் கிளம்பினோம்.

நாங்கள் நாலு பேர். அடியேன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் அக்கவுண்ட்ஸ். மற்ற மூவரின் பெயரைப் போட்டால் வீட்டில் சண்டை வரும். அதனால் கேஷியர், தாலுகா ஆபீஸ், இன்ஷூரன்ஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சனிக்கிழமை டீக்கடையில் கேஷியர் செல்போனை நீட்டினார். அமெரிக்காவில் ராக்கி மலை. நாலு பேர் குதிரை முதுகில் கூடாரம், சட்டி பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு காட்டு வழியே போகிறார்கள். ராத்திரி நெருப்பு மூட்டி காபி குடிக்கிறார்கள்.

"நமக்கு என்னய்யா குறைச்சல்? பச்சைமலை இருக்கு. நாலு பேர் இருக்கோம்."

"குதிரை?"

"அது ஒண்ணுதானே பாக்கி!"

வனத்துறை ஆபீஸில் போய்க் கேட்டோம். காப்புக்காட்டுக்குள் ராத்திரி தங்கக்கூடாது, அடுப்பு மூட்டவும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் தன் செல்வாக்கைக் காட்டினார். மேலே மலைக்கிராமத்தில் தெரிந்தவர் ஒருவரின் பட்டா நிலத்தில் கூடாரம் போட அனுமதி கிடைத்தது.

குதிரையும் கிடைத்தது. மாப்பிள்ளை அழைப்புக் குதிரை! வெள்ளை நிறம், பெயர் ராஜா. மட்டக்குதிரையை விடக் கொஞ்சம் உயரம். சொந்தக்காரப் பெரியவர் மூன்று நிபந்தனை போட்டார்.

"தம்பி, நானும் கூட வருவேன். யாரும் மேல ஏறக்கூடாது. ஐம்பது கிலோவுக்கு மேல ஒரு குண்டுமணி ஏத்தக்கூடாது."

கேஷியர் விடுவாரா? "என்னங்க பெரியவரே, எண்பது கிலோ மாப்பிள்ளையெல்லாம் ஏறுறானே?"

"அது சமதரை, அரை மணி நேரம். மலை வேற தம்பி. ஆள் உட்கார்ந்தா ஏத்தத்துல முன்னால சாயுவான், இறக்கத்துல பின்னால சாயுவான். மூட்டை சாயுமா? செத்த எடை. அதான் ரொம்பக் கனம்."

குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது உலகம் பூராவும் குதிரைக்காரர்கள் சொல்கிற கணக்கு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ராஜாவின் எடை இருநூற்றைம்பது கிலோ இருக்கும். பெரியவர் எந்தப் புத்தகமும் படிக்காமல் அதே ஐம்பதில் வந்து நின்றிருக்கிறார்.

ஆத்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் போய், அரும்பாவூர், தொண்டமாந்துறை வழியாக அடிவாரம். குதிரை மினி லாரியில் வந்து இறங்கியது. மூட்டைகளைக் கடைத் தராசில் நிறுத்தோம். 49 கிலோ. முதுகில் கம்பளி போட்டு, இரண்டு பக்கமும் எடை சமமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டுப் பெரியவர் டீ குடிக்கப் போனார்.

அந்த நேரத்தில்தான் கேஷியர் இருபது லிட்டர் தண்ணீர் கேனைப் போர்வையில் சுருட்டி வலது பக்க மூட்டைக்குள் தள்ளினார். நான்தான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் மறந்துபோனது.

முதல் அரை மணி நேரம் ஒரே ஜாலி. ஒற்றையடிப் பாதை, மூங்கில் புதர், குரங்குக் கூட்டம். திடீரென்று கெட்டிமேளம்! இன்ஷூரன்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வருங்கால மனைவி போன் பண்ணினால் கெட்டிமேளம் ஒலிக்கும்படி வைத்திருக்கிறார். ராஜாவுக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே! முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டது. சட்டியும் கரண்டியும் ஜதி போட்டன. தக்காளிகள் பெரம்பலூரை நோக்கி உருண்டன.

"போனை அமுக்குய்யா!" என்று கத்திக்கொண்டே சிரித்தோம். அதுதான் கடைசிச் சிரிப்பு.

பாதி ஏற்றத்தில் ராஜா நின்றுவிட்டது. தட்டினாலும் நகரவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. மூட்டை வலது பக்கமாக இறங்கியிருந்தது. பெரியவர் கயிற்றை அவிழ்த்தார். கேன் வெளியே வந்து விழுந்தது. கம்பளியை விலக்கினார். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கேனையே திறந்து, தோளில் இருந்த துண்டை நனைத்துப் புண் மேல் போட்டார். ராஜாவின் கழுத்தைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "புதன்கிழமை துறையூர்ல ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அட்வான்ஸ் வாங்கிட்டேன். இந்தப் புண்ணு மேல சேணம் வைக்க முடியாது. இந்த மாசத்துல அந்த ஒரு முகூர்த்தந்தான் இருந்துச்சு."

கேஷியர் தலை குனிந்தார். சாக்கின் வாயைப் பிடித்தவன் எங்கே பார்ப்பது?

மிச்ச ஏற்றம் முழுக்க மூட்டைகளை நாங்கள் நாலு பேரும் சுமந்தோம். ஆளுக்குப் பன்னிரண்டு கிலோதான். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உட்கார்ந்தோம். வெறும் முதுகோடு ராஜா முன்னால் போய் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மேலே இருக்கிற ஜனங்கள் மலையாளிகள். கேரளா இல்லை சார், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்று அவர்கள் வரலாறு சொல்லும். குச்சிக்கிழங்குக் கொல்லை ஓரமாகக் கூடாரம் போட்டோம். சோறு அடிப்பிடித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அந்த வீட்டு ஆயா எங்கள் தோளைப் பார்த்துச் சிரித்தார். "ரோடு வர்றதுக்கு முன்னால அரிசி, உப்பு எல்லாம் தலைச்சுமைதான் தம்பி. உடம்பு முடியாதவங்களையும் தூளி கட்டித்தான் இறக்குவோம். நீங்க என்னத்துக்குக் காசு குடுத்துச் சுமக்குறீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கொடைக்கானல் மலையில் வெள்ளகவிக்குப் பல தலைமுறையாக மளிகை சாமான் குதிரை முதுகில்தான் போயிருக்கிறது. தர்மபுரி பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில் ஓட்டு மெஷினே கழுதை மேல் ஏறிப் போனது. அங்கெல்லாம் அந்த முதுகுதான் ரோடு, பஸ், லாரி எல்லாமுமாக இருந்திருக்கிறது. அதில் புண் வந்திருந்தால் ஊருக்கு உப்பு வந்திருக்காது. நாங்களோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அதைப் புண்ணாக்கிவிட்டு வந்திருக்கிறோம்.

ராத்திரி எழுந்து பார்த்தேன். கீழே கிழக்குப் பக்கம் ஊர் விளக்குகள். பெரியவர் கூடாரத்துக்குள் வரவில்லை. ராஜாவின் காலடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். ராஜா நின்றுகொண்டே தூங்கியது.

மறுநாள் இறக்கத்திலும் நாங்களே சுமந்தோம். அடிவாரத்தில் வாடகையோடு புதன்கிழமைக் கூலியையும், மருந்துச் செலவையும் சேர்த்து நீட்டினோம். பெரியவர் நிதானமாக எண்ணி இடுப்பில் செருகினார்.

"மன்னிச்சிருங்க பெரியவரே" என்றார் கேஷியர்.

"நான் மன்னிச்சு என்ன தம்பி ஆவப்போவுது? இந்தக் காசு கொள்ளுக்கு. மன்னிப்பை அவன்கிட்டக் கேளுங்க."

கேஷியர் நிஜமாகவே போய்க் கேட்டார். ராஜா வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

மூணு மாசம் கழித்து இன்ஷூரன்ஸ் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ராஜாவைத்தான் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் ஒற்றைக் காலில் நின்றோம். முதுகில் புண் ஆறி, புது ரோமம் முளைத்திருந்தது. ஜரிகை, குஞ்சலம் எல்லாம் கட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றது. ஆனால் மாப்பிள்ளை ஏற மாட்டேன் என்று கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார்!

பெண் வீட்டுப் பெரியப்பா பதறிப்போனார். "ஏன் மாப்ளே, குதிரை பிடிக்கலையா?"

"அதெல்லாம் ரொம்பப் பிடிக்குதுங்க மாமா. நான் எழுபத்தெட்டு கிலோ இருக்கேன், அதான்."

பெரியவர் சிரித்தபடியே சேணத்தைத் தட்டிக் காட்டினார்.

"சமதரைதானே மாப்ளே... ஏறுங்க!"