வரப் போகும் விருந்தாளி

கர்ப்பவதி ஒருத்தி இருக்கும் வீட்டுக்கு வருகிறவர் அனைவரும் ஜோசியராகி விடுகிறார்கள். வயிற்றைப் பார்த்து ஒருவர் ஆண் என்பார். முகத்தைப் பார்த்து மற்றொருவர் பெண் என்பார். புளிப்பில் ஆசை வைத்தால் ஒரு பலன், இனிப்பில் வைத்தால் இன்னொரு பலன். இராமநாதபுரத்தில் உள்ள நமது இல்லத்துக்கும் இப்போது அந்தப் பாக்கியம் கிட்டியிருக்கிறது. அப்பத்தா ஆண் என்கிறார். பாம்பனிலிருந்து வந்த சின்னம்மா பெண் என்கிறார். இருவரில் ஒருவர் வாக்குப் பலிக்கத்தான் போகிறது.

இத்தகைய ஜோசியத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் சென்ற மாதம் உறவினர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொரு யோசனை கூறினார். பணம் கொடுத்தால் ஸ்கேன் பார்த்து இன்ன குழந்தையென்று சொல்லும் இடம் தமக்குத் தெரியுமாம்.

"தெரிந்துகொண்டு என்ன செய்யச் சொல்கிறீர்கள், மாமா?" என்று நம் மனைவி கேட்டாள்.

மாமா வாய் திறக்கவில்லை. விடை எல்லோருக்கும் தெரிந்ததாகையால் மற்றவர்களும் பேசவில்லை.

மேனாடுகளில் பெற்றோர் இதை முன்கூட்டியே அறிந்து, கேக் வெட்டிக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அந்தச் சந்தோஷம் ஏன் மறுக்கப்பட்டது? ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், 1961-ல் பாரத நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 976 பெண்கள் இருந்தார்கள். 2001-ல் 927 பேர்தான். தமிழ்நாட்டிலேயே 2011 கணக்குப்படி 943. ஆகவேதான் 1994-ல் சட்டம் பிறந்து, 1996 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது, 2003-ல் திருத்தப்பட்டது. சொல்லும் வைத்தியருக்கும் மூன்றாண்டு வரை சிறை. கேட்டுப் போகிறவருக்கும் மூன்றாண்டு வரை சிறையோடு 50,000 ரூபாய் வரை அபராதம். கர்ப்பிணியைக் கணவரும் சுற்றத்தாருமே வற்புறுத்தினார்கள் என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் நம் குடும்பங்களை நன்கு அறிந்தவர்கள்!

பெண் பிறந்தால் தாயைப் பழிக்கும் வழக்கமோ இன்னும் விந்தையானது. தாய் தருவது எப்போதும் எக்ஸ் என்னும் அணுக்கூறுதான். தந்தை தருவது எக்ஸ் ஆனால் பெண். ஒய் ஆனால் ஆண். பழி என்று ஒன்று இருந்தால் அதைச் சுமக்க வேண்டியவர் யார் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

இந்தச் சேது நாட்டு மன்னர் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதிக்கு 1730-ல் பிறந்தது பெண் குழந்தை. வேறு மகவும் இல்லை. அவர் அந்த மகளுக்கு வாளும் வில்லும் குதிரையேற்றமும் பழக்கினார். 1772-ல் காளையார்கோவிலில் கணவரைக் கும்பினிப் படைக்குப் பலிகொடுத்த அந்த வேலு நாச்சியார், 1780-ல் சிவகங்கையை மீட்டார். அவர் பிறப்பதற்கு முன் இராமநாதபுரம் அரண்மனையில் ஸ்கேன் இயந்திரம் இல்லாதது நாடு செய்த பாக்கியம்.

அறிந்துகொள்ள வேண்டியவை வேறு உண்டு: தாயின் இரத்தத்தில் குறையுண்டா, குழந்தையின் தலை திரும்பியிருக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நேரத்தில் போகலாம் என்பவை. 1988-ல் பாம்பன் சாலைப்பாலம் திறக்கும் வரையில், தீவில் பிரசவ வலி கண்டவள் ரயிலையோ படகையோதான் நம்ப வேண்டும். இன்று நள்ளிரவிலும் வண்டி போகும். இராமநாதபுரத்தில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

நமது ஏற்பாடுகள் ஏறக்குறைய முடிந்தன. பழைய வேஷ்டிகளைத் துவைத்து, கிழித்து, மடித்து வைத்தாயிற்று. வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று. இராமேசுவரத்து ஸ்வாமி பெயரும் அம்பாள் பெயரும் தயார்: இராமநாதன் அல்லது பர்வதவர்த்தினி. சின்னம்மா பனையோலையில் கிலுகிலுப்பை ஒன்று முடைந்து கொண்டுவந்திருக்கிறார். அது எந்தக் கையில் கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.