பூட்டிய வீட்டின் திறந்த வாசல்



பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்பது ஸூரா அந்நூரின் 27ஆம் வசனம் தரும் கட்டளை. பல வருடங்களாக இதை மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். ஆனால் என் சொந்த வீட்டில் ஒரு வாசல் திறந்து கிடந்ததைக் காட்டித் தந்தவள் என் மகள்.

நோயுற்ற உம்மாவைக் கவனிப்பதற்காக அவரது அறையில் சிறிய கெமரா ஒன்றைப் பொருத்தியிருந்தோம். ஒவ்வோர் இரவும் உம்மா, “கதவைப் பூட்டிட்டீங்களா மகன்?” என்று கேட்பார். “ஓம் உம்மா” என்பேன்.

ஒருநாள் மகள், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, கைத்தொலைபேசியில் 192.168.1.1 என்று தட்டினாள். பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’! உள்ளே ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ இயங்கிக்கொண்டிருந்தது.

“வாப்பா, வெளியிலிருந்தும் ஒருவர் இதற்குள் வரலாமே! வந்தால் கெமராவுக்கும் வழி திறந்துவிடலாம்” என்றாள்.

உம்மா தலைத்துணியின்றிப் படுத்திருக்கும் அறை என் கண்முன் வந்தது. வெட்கித்துப் போனேன். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளதல்லவா?

இது வீண் பயமல்ல. 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் ஒரு தாக்குதலால் செயலிழந்தன. தூரத்திலிருந்து பராமரிப்பதற்கான வாசலைக் குறிவைத்தே அத்தாக்குதல் நடந்தது.

சகோதரிகளே, நீங்களும் இன்றே பாருங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ அல்லது ‘ரிமோட் அக்சஸ்’ என்றிருப்பதை நிறுத்திவிடுங்கள். அதனால் வீட்டு இணையம் நின்றுவிடாது. வீட்டினுள்ளிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கவும் தடையிராது. அடுத்து, அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. புதிய மென்பொருள் வந்திருந்தால் அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த இடம் தென்படாவிட்டால் இணைப்புத் தந்த நிறுவனத்திடம் கேளுங்கள், கேட்பதில் குறைவில்லை.

மகள் அனைத்தையும் பத்து நிமிடத்தில் முடித்தாள். கெமராவின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். அன்றிரவும் உம்மா வழமைபோலக் கேட்டார். “ஓம் உம்மா, எல்லாக் கதவையும் பூட்டிட்டோம்” என்றேன்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் மானத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.